கம்பைலர் என்றால் என்ன? கிரேஸ் ஹாப்பர் வழியாக ஓர் எளிய விளக்கம்

புரோகிராம் எழுதப் பழகும் எவருக்கும் முதல் வாரத்திலேயே காதில் விழும் சொல் கம்பைலர். நம் பள்ளிப் பாடநூல்கள் நிரல்பெயர்ப்பி என்கின்றன. உயர்நிலை மொழியில் எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தருவது என்று ஒரு வரியில் படித்து, தேர்வில் இரண்டு மதிப்பெண் வாங்கிக்கொண்டு மேலே போய்விடுகிறோம். அந்த ஒரு வரியில் தப்பில்லை. ஆனால் கம்பைலர் இல்லாத காலத்தில் புரோகிராம் எழுதியவர்கள் என்ன பாடு பட்டார்கள் என்று தெரிந்தால்தான் அதன் அருமை புரியும். அந்தப் பாட்டை நேரில் பட்டு, அதிலிருந்து வெளியே வர வழி கண்டவர்களில் முன்னணியில் நிற்பவர் கிரேஸ் ஹாப்பர். கணிதப் பேராசிரியர், அமெரிக்கக் கடற்படை அதிகாரி. அவர் கதையோடு சேர்த்துப் படித்தால் கம்பைலர் சுலபமாகப் பிடிபடும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் வேலை செய்த நாட்களைத் தினக்கூலியால் பெருக்கி மொத்தச் சம்பளம் கண்டுபிடிக்க வேண்டும். இன்று நாம் இப்படி எழுதுவோம்:

மொத்தம் = நாள் * கூலி

கம்ப்யூட்டரின் சிப்புக்கு நாள் என்றால் என்னவென்று தெரியாது, கூலியும் தெரியாது. நினைவகத்தில் எத்தனையாவது இடம், அங்கே என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டைத்தான் அதற்குச் சொல்ல முடியும். அதையும் எண்ணாகத்தான் சொல்ல வேண்டும். விளக்கத்துக்காக ஒரு கற்பனை இயந்திரத்தை வைத்துக்கொள்வோம். அதில் 10 என்றால் எடு, 20 என்றால் பெருக்கு, 30 என்றால் வை. நாட்களின் எண்ணிக்கை 040-ஆம் இடத்திலும் கூலி 041-ஆம் இடத்திலும் இருக்கின்றன. விடை 042-ஆம் இடத்துக்குப் போக வேண்டும். அப்போது புரோகிராம் இப்படி இருக்கும்:

10 040
20 041
30 042

மேலே உள்ள ஒரு வரியிலிருந்து கீழே உள்ள மூன்று வரிகளைத் தானாக உண்டாக்கித் தருவதுதான் கம்பைலரின் வேலை. அது இல்லாதபோது இந்த எண்களை மனிதர்கள் கையால் எழுதினார்கள். மூன்று வரியானால் பரவாயில்லை. ஆயிரம் வரி என்றால்?

ஹாப்பர் 1906 டிசம்பர் 9 அன்று நியூயார்க்கில் பிறந்தார். வாசர் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் படித்து, 1934-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கி, வாசரிலேயே கணிதம் கற்பித்து வந்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் கடற்படையில் சேர முயன்றார். வயது கூடுதல் என்றார்கள். உடல் எடையோ கடற்படை விதித்த அளவுக்கு 15 பவுண்டு குறைவு. விடாமல் நின்று விலக்கு வாங்கி, 1943 டிசம்பரில் கடற்படையின் பெண்கள் பிரிவான வேவ்ஸ் படையில் சேர்ந்துவிட்டார். ஸ்மித் கல்லூரியில் நடந்த பயிற்சியில் வகுப்பிலேயே முதலாவதாகத் தேறினார். கப்பலுக்கோ துறைமுகத்துக்கோ அனுப்பப்படவில்லை. 1944 ஜூலையில் அவர் போய்ச் சேர்ந்த இடம் ஹார்வர்டு பல்கலைக்கழகம். அங்கே கடற்படைக்காகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது மார்க் 1 என்ற இயந்திரம்.

51 அடி நீளம், 8 அடி உயரம், சுமார் 5 டன் எடை. உள்ளே சுழலும் தண்டுகள், பற்சக்கரங்கள், படபடக்கும் ரிலேக்கள், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள். விநாடிக்கு மூன்று கூட்டல் செய்யும். ஒரு பெருக்கலுக்கு ஏறக்குறைய 6 விநாடி எடுத்துக்கொள்ளும். துளையிட்ட காகிதச் சுருள் வழியாகத்தான் அதற்குக் கட்டளை போகும். ஹோவர்டு ஐக்கன் என்ற கண்டிப்பான கமாண்டர்தான் அந்த இடத்துக்குத் தலைவர். புதிதாக வந்த லெப்டினன்டிடம் குறியீட்டுப் பட்டியலைக் கொடுத்து, ஒரு வாரத்தில் முடிக்கச் சொல்லி ஒரு கணக்கையும் கொடுத்தார். ஹாப்பர் அதற்கு முன் அப்படியோர் இயந்திரத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

பீரங்கிக் குண்டுகளுக்கான வீச்சு அட்டவணைகள் போன்ற போர்க்காலக் கணக்குகள் அங்கே இரவும் பகலும் நடந்தன. அணுகுண்டுத் திட்டத்துக்காகக் கணிதவியலாளர் ஜான் வான் நியூமன் கொண்டுவந்த கணக்கும் அந்த இயந்திரத்தில்தான் ஓடியது. இதற்கிடையே, இயந்திரத்தை எப்படி இயக்குவது என்று ஒரு கையேடு எழுத ஐக்கன் உத்தரவிட்டார். ஹாப்பரின் பெரும் உழைப்பில் உருவான அந்தக் கையேடு 1946-இல் ஐந்நூறு பக்கங்களுக்கு மேல் வெளிவந்தது. ஹாப்பரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு சிக்கலான இயந்திரத்தை அதை அறியாத ஒருவருக்குப் புரிய வைக்க வேண்டும் என்ற கட்டாயம், அவருடைய பிற்கால வேலை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது.

ஹார்வர்டில்தான் ஒரு பழக்கம் தொடங்கியது. ஒரு கோணத்துக்கு சைன் மதிப்பைக் காணும் கட்டளைத் தொடர் ஒருவரிடம் சரியாக வேலை செய்தால், அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார்கள். அடுத்தவருக்குத் தேவைப்படும்போது நோட்டைக் கடன் வாங்கி, தன் புரோகிராமில் பார்த்து எழுதிக்கொள்வார். சரியென்று தெரிந்த ஒன்றைத் திரும்பவும் யோசித்து எழுத வேண்டியதில்லை என்பதுதான் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் பார்த்து எழுதும்போது பிழை நுழைந்தது.

இந்த இடத்தில் கூடவே வரும் இன்னொரு கதையையும் சொல்லிவிடலாம். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டில் மார்க் 2 இயந்திரத்தின் ரிலே ஒன்றில் ஒரு விட்டில் பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டர் பிழைக்கு ‘பக்’ என்ற பெயர் அன்றுதான் வந்தது, அதை வைத்தவர் ஹாப்பர் என்று பலரும் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லை எடிசன் 1878-லேயே தன் கடிதத்தில் பயன்படுத்தியிருக்கிறார். பூச்சியைக் கண்டெடுத்தவரும் ஹாப்பர் அல்ல. அவர் அந்தக் கதையை ஊர் ஊராகச் சுவையாகச் சொல்லிப் பரப்பினார், அவ்வளவே. அவருடைய உண்மையான சாதனைக்கு இந்தக் கதையின் துணை தேவையில்லை.

போர் முடிந்ததும் கடற்படையில் நிரந்தரப் பணி கேட்டார். வயதைக் காட்டி மறுத்துவிட்டார்கள். ரிசர்வ் படையில் மட்டும் தொடர்ந்தார். 1949-இல் பிலடெல்ஃபியாவில் எக்கர்ட், மாச்லி இருவரும் நடத்திய கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலைக்குப் போனார். அங்கே உருவாகிக்கொண்டிருந்தது யூனிவாக். மார்க் 1 விநாடிக்கு மூன்று கூட்டல் செய்தது என்றால், யூனிவாக் விநாடிக்கு ஏறக்குறைய 1,900 செய்யும். புரோகிராமும் தரவும் ஒரே நினைவகத்தில் இருக்கும். 000 முதல் 999 வரை ஆயிரம் இடங்கள்.

இயந்திரத்தின் வேகம் அறுநூறு மடங்கு கூடியது. மனிதர் பார்த்து எழுதும் வேகம் கூடவில்லை. போதாததற்கு ஒரு புதுச் சிக்கலும் சேர்ந்தது. கம்பைலரின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பதால் இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வர்க்கமூலம் காணும் ஒரு துணைநிரல், அதாவது வேறு புரோகிராம்களிலும் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஒரு கட்டளைத் தொடர், நோட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 வரிகள், 000 முதல் 019 வரை எண்ணிட்டு எழுதியிருக்கிறார்கள். அதன் 12-ஆவது வரி ‘005-க்குத் திரும்பிப் போ’ என்கிறது. இப்போது உங்கள் புரோகிராமில் 300-ஆம் இடத்திலிருந்துதான் இடம் காலியாக இருக்கிறது. துணைநிரலை அங்கே வைத்தால், 005 என்பது 305 ஆக வேண்டும். இப்படி அந்த 20 வரிகளில் வரும் முகவரிகள் அத்தனைக்கும் 300-ஐக் கூட்டிக்கொண்டே எழுத வேண்டும். ஓர் இடத்தில் மறந்துவிட்டால் போதும். இயந்திரம் 305-க்குப் பதிலாக 005-க்குப் போய், அங்கே இருக்கும் வேறு ஏதோ ஒரு கட்டளையை நிறைவேற்றும். விடை தப்பாக வரும். எங்கே தப்பு என்று தேட நாள்கணக்கில் ஆகும்.

ஹாப்பர் இதைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். மனிதர்களுக்குப் பார்த்து எழுத வராது, கூட்டவும் வராது. அந்த இரண்டையும் பிழையில்லாமல் செய்வதற்கென்றே கட்டிய இயந்திரம் பக்கத்தில் நிற்கிறது. பிறகு ஏன் அந்த வேலையை மனிதர் செய்ய வேண்டும்?

இந்தக் கேள்விக்குள் பெரிய திருப்பம் ஒன்று இருக்கிறது. அதுவரை கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது எண்கள், அது தருவது விடைகள். புரோகிராம் என்பது அதற்கு மனிதர் இடும் கட்டளை. ஹாப்பர், புரோகிராமும் தரவுதான் என்றார். ஒரு புரோகிராமை உள்ளே கொடுத்து, இன்னொரு புரோகிராமை விடையாக வாங்கலாம். இதைப் பிடித்துக்கொண்டால் கம்பைலர் புரிந்துவிட்டது என்றே சொல்லலாம். கம்பைலர் என்பதும் ஒரு புரோகிராம்தான். நாம் எழுதியது அதற்கு உள்ளீடு, சிப் ஓட்டக்கூடிய எண்கள் அதன் வெளியீடு.

1951-52-இல் அவர் உருவாக்கிய அந்தப் புரோகிராமின் பெயர் ஏ-0. சோதித்துச் சரிபார்த்த துணைநிரல்களையெல்லாம் ஒரு காந்த நாடாவில் சேர்த்து வைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். புரோகிராம் எழுதுகிறவர் எந்த எண்ணுள்ள துணைநிரல் வேண்டும், எந்தத் தரவின்மீது வேண்டும், எந்த வரிசையில் வேண்டும் என்று மட்டும் எழுதினால் போதும். ஏ-0 நாடாவிலிருந்து அவற்றை எடுத்து, நினைவகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இடம் ஒதுக்கி, முகவரிகளைக் கூட்டித் திருத்தி, ஓடத் தயாரான ஒரே புரோகிராமாக ஆக்கிக் கொடுக்கும். சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் அவற்றை இயற்றவில்லை, தனித்தனியே கிடந்தவற்றைத் திரட்டி, வரிசைப்படுத்தி, ஒரு நூலாக்கினார்கள். ஏ-0 செய்ததும் அப்படியொரு தொகுப்பு வேலைதான். கம்பைலர் என்ற பெயரை ஹாப்பர் வைத்ததும் அதனால்தான்.

இதில் ஒரு முடிச்சு இருந்தது. முதல் துணைநிரலை 100-ஆம் இடத்தில் வைத்தாயிற்று. அதற்குள் ‘விடை எதிர்மறையானால், பின்னால் வரப்போகும் பதினைந்தாவது துண்டுக்குப் போ’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. பதினைந்தாவது துண்டு எந்த முகவரியில் உட்காரும் என்று இன்னும் தெரியாது. நடுவில் உள்ள துண்டுகளின் நீளம் தெரிந்தால்தானே சொல்ல முடியும்? பின்னால் வந்து திருத்தலாம் என்றால், முதல் துண்டு அதற்குள் நாடாவில் எழுதப்பட்டு வெளியே போயிருக்கும்.

ஹாப்பர் கல்லூரி நாட்களில் கூடைப்பந்து ஆடியவர். அக்காலப் பெண்கள் ஆட்ட விதிப்படி, பந்தை ஒரே முறைதான் தரையில் தட்டலாம். அதற்குமேல் முன்னேற வேண்டுமானால், பந்தைத் தோழியிடம் எறிந்துவிட்டு முன்னே ஓடி, அங்கே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ஆட்டமே தனக்கு வழி காட்டியது என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். நினைவகத்தின் கடைசியில் சில இடங்களைத் தனியாக ஒதுக்கினார். நம் எடுத்துக்காட்டில் அதை 990 என்று வைத்துக்கொள்வோம். முதல் துண்டில் ‘990-க்குப் போ’ என்று எழுதிவிடுவார். 990 இப்போதைக்குக் காலி. பதினைந்தாவது துண்டுக்கு ஒரு கொடியை நட்டு வைப்பார், அதாவது உனக்காக 990-இல் ஒருவர் காத்திருக்கிறார் என்ற குறிப்பு. வேலை நடந்துகொண்டே போய், பதினைந்தாவது துண்டுக்கு 420-ஆம் இடம் கிடைக்கும்போது, கொடியைப் பார்த்து, 990-இல் ‘420-க்குப் போ’ என்று நிரப்பிவிடுவார். புரோகிராம் ஓடும்போது 100-லிருந்து 990, அங்கிருந்து 420. நாடாவை ஒரே முறை படித்து எல்லாம் முடிந்துவிடும். முகவரி தெரியாத இடத்தை இப்போதைக்கு விட்டு வைத்துப் பிறகு நிரப்பும் உத்தி இன்றைய கம்பைலர்களிலும் இருக்கிறது. பேக்பேட்சிங் என்ற பெயரில் கல்லூரியில் படிப்பீர்கள்.

ஓடுகிற கம்பைலரைக் கையில் வைத்துக்கொண்டும் அதைத் தொட ஆளில்லை என்பதுதான் அப்போதைய நிலைமை. கம்ப்யூட்டர் கணக்கு மட்டும்தான் போடும், புரோகிராம் எழுதாது என்று அவரிடமே சொன்னார்கள். 1952 மே மாதம் பிட்ஸ்பர்க்கில் நடந்த கூட்டத்தில் தன் கருத்தை ஒரு கட்டுரையாக முன்வைத்தார். கம்ப்யூட்டருக்குக் கல்வி புகட்டுவது என்ற பொருள் தரும் தலைப்பு. எண்ணங்கள் பரவச் சில ஆண்டுகள் பிடித்தன.

நேர்மையாகச் சொன்னால், ஏ-0 இன்று நாம் கம்பைலர் என்று சொல்வதற்கு முழுப் பொருத்தம் அல்ல. துண்டுகளைச் சேர்த்து முகவரி திருத்தும் வேலையை இப்போது லிங்கர், லோடர் என்று தனியாகப் பிரித்திருக்கிறோம். கணிதச் சூத்திரத்தை அப்படியே எழுதினால் இயந்திரக் கட்டளைகளாக மாற்றித் தரும் வேலையை ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழுவினர் 1957-இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் சிறப்பாகச் செய்துகாட்டியது. இப்போதைய கம்பைலர் நம் வரியைச் சொற்களாகப் பிரிக்கிறது, இலக்கணம் பார்க்கிறது, அதில் தவறென்றால் பிழை காட்டி நிற்கிறது, சரியென்றால் கட்டளைகளை உண்டாக்குகிறது. பைத்தான் கற்பவர்கள் இன்டர்ப்ரெட்டர் என்றும் கேள்விப்படுவீர்கள். கம்பைலர் முழுவதையும் முன்கூட்டியே மாற்றி வைத்துவிடும், இன்டர்ப்ரெட்டர் ஓட ஓட நிறைவேற்றும். தொடக்க நிலையில் இந்த வேறுபாடு போதும். நேரில் பார்க்க ஆசையிருந்தால், ஜிசிசி கம்பைலரில் ஒரு சின்ன சி புரோகிராமைக் கொடுத்து, கட்டளையில் ஒரு மைனஸ் குறியும் பெரிய எழுத்து எஸ்ஸும் (-S) சேர்த்து ஓட்டிப் பாருங்கள். உங்கள் ஒரு வரி எத்தனை அடிப்படைக் கட்டளைகளாகப் பிரிந்திருக்கிறது என்பதை, அப்போது உருவாகும் கோப்பைத் திறந்தே படிக்கலாம்.

ஹாப்பரின் அடுத்த அடி இன்னும் துணிச்சலானது. கணிதம் படித்தவர்களுக்குக் குறியீடு பழக்கம். சம்பளப் பட்டியலும் சரக்கிருப்பும் பார்க்கிறவர்களுக்கு? அவர்கள் வேலை செய்யும் மொழியிலேயே கட்டளை எழுதட்டும் என்றார். எழுத்தும் ஒரு குறிதானே, அதையும் இயந்திரக் கட்டளையாக மாற்றினால் போயிற்று. 1955 முதல் உருவாகி ஃபுளோமேட்டிக் என்று பெயர் பெற்ற மொழியில் ‘அ கோப்பின் பொருள் எண்ணை ஆ கோப்பின் பொருள் எண்ணோடு ஒப்பிடு, பெரிதானால் 10-ஆம் செயலுக்குப் போ’ என்பது போன்ற ஆங்கில வாக்கியங்களையே எழுதலாம்.

மேலதிகாரிகளுக்கு இதை விளக்கிக் காட்டியபோது, வேறு மொழியானாலும் கம்பைலருக்கு ஒன்றுதான் என்று நிரூபிக்க, அதே புரோகிராமை பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எழுதி ஓட்டிக் காட்டினார். அவர் எதிர்பார்த்தது பாராட்டு. நடந்ததோ வேறு. பென்சில்வேனியாவில் செய்த இயந்திரத்துக்கு பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படித் தெரியும் என்று அவர்கள் மிரண்டுபோனார்கள். ஆங்கிலம் மட்டும்தான் என்று உறுதி கூறி, பல மாதம் பேசிப் புரியவைக்க வேண்டியிருந்தது. இயந்திரத்துக்கு ஆங்கிலமும் தெரியாது என்பதுதான் உண்மை. எழுத்து வரிசையைக் கண்டு, அதற்கான கட்டளையைப் போடுகிறது, அவ்வளவுதான். தமிழ்ச் சொற்களில் புரோகிராம் எழுத நம்மவர்கள் உருவாக்கிய ‘எழில்’ மொழி இதற்கு இன்னொரு சான்று. அதில் ‘பதிப்பி’ என்று எழுதினால் திரையில் அச்சாகும். ஆங்கிலம் வராததால் புரோகிராமிங் வராது என்று ஒதுங்கும் பிள்ளைகளிடம் இந்த பிரெஞ்சு, ஜெர்மன் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

1959 மே மாதம், அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பென்டகனில் ஒரு கூட்டம் கூட்டியது. ஒவ்வொரு நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்கும் ஒவ்வொரு மொழி. இயந்திரத்தை மாற்றினால் எல்லாப் புரோகிராமையும் புதிதாக எழுத வேண்டும். செலவு தாங்கவில்லை. எல்லா இயந்திரத்திலும் ஓடும் ஒரு பொது வணிக மொழி வேண்டும் என்று முடிவாயிற்று. அப்படிப் பிறந்ததுதான் கோபால் (COBOL) என்ற மொழி. ஹாப்பர் கோபாலின் தாய் என்று எழுதுவது வழக்கம். உண்மையில் அது ஒரு குழுவின் வேலை. ஜீன் சாமெட், கெர்ட்ரூட் டியர்னி போன்ற பெண்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஹாப்பர் ஆலோசகர். ஆனால் கோபாலின் அடித்தளம் பெரும்பாலும் ஃபுளோமேட்டிக்தான். 1960 டிசம்பரில் ஒரே கோபால் புரோகிராம், ஆர்சிஏ நிறுவனத்தின் இயந்திரத்திலும் யூனிவாக் 2-இலும் ஓடிக் காட்டியது. இயந்திரம் வேறு, கம்பைலர் வேறு, புரோகிராம் ஒன்றே. கம்பைலரின் இன்னொரு பயன் இதில் தெரிகிறது. நாம் எழுதியது குறிப்பிட்ட ஓர் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்பதில்லை.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எல்லாக் கம்பைலர்களும் ஒரே வரிக்கு ஒரே பொருள் கொள்ள வேண்டும். நிறுவனங்கள் தங்கள் கோபாலில் ஆளுக்கொரு மாற்றம் செய்யத் தொடங்கியபோது இது கெட்டது. 1966 இறுதியில் கடற்படை ஹாப்பருக்கு ஓய்வு கொடுத்திருந்தது. 1967 ஆகஸ்டில், கோபாலை ஒழுங்குபடுத்த ஆறு மாதப் பணிக்கு என்று திரும்ப அழைத்தது. அந்த ஆறு மாதம் பத்தொன்பது ஆண்டுகள் நீண்டது. ஒரு கம்பைலர் விதிப்படி நடக்கிறதா என்று சோதிக்கும் புரோகிராம்களை அவருடைய குழு எழுதியது. கம்பைலரைச் சோதிக்க ஒரு புரோகிராம் தொகுதி! சோதனையில் தேறாத கம்பைலரை விற்க வரும் நிறுவனத்துக்கு இது நெருக்கடி. அரசாங்கம் பெரிய வாடிக்கையாளர் என்பதால் அவர்கள் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. என் பார்வையில், கடற்படைச் சீருடை ஹாப்பருக்குத் தந்த பெரிய பலம் இதுதான். யோசனை சொல்கிறவர்கள் பலர் உண்டு. அதை நாடு முழுவதும் நடைமுறையாக்கும் அதிகாரமும் பொறுமையும் ஒருவரிடம் சேர்வது அரிது.

1973-இல் கேப்டன், 1983-இல் கொமடோர். 1985-இல் அந்தப் பதவியின் பெயர் ரியர் அட்மிரல் என்று மாறியது. 1986 ஆகஸ்ட் 14 அன்று, பாஸ்டனில் நிற்கும் யூஎஸ்எஸ் கான்ஸ்டிட்யூஷன் என்ற பழம்பெரும் போர்க்கப்பலின் மேல்தளத்தில் விடைபெற்றார். வயது 79. அன்று கடற்படையில் பணியில் இருந்த அதிகாரிகளில் மூத்தவர் அவரே. ஓய்வுக்குப் பிறகும் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் ஆலோசகராகச் சேர்ந்து, மாணவர்களிடமும் பொறியாளர்களிடமும் பேசிக்கொண்டே இருந்தார். போகும் இடமெல்லாம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பித் துண்டுகளை எடுத்துப் போவார். ஒரு நானோ விநாடியில் மின்சாரம் அதிகபட்சம் போகக்கூடிய தூரம் அது. செயற்கைக்கோள் வழிச் செய்தி வந்து சேர ஏன் தாமதமாகிறது என்று கேட்ட அட்மிரல்களுக்கும் அந்தக் கம்பியைக் காட்டித்தான் விளக்கினார், இங்கிருந்து செயற்கைக்கோள் வரைக்கும் இத்தகைய துண்டுகள் எத்தனை எத்தனையோ கிடக்கின்றன என்று.